அடியைத் தொடாத பேட்டரி

தம்பி, நீங்க நெட்டையா இருக்கறீங்களேன்னுதான் இந்த சீட்டுக்கு வந்து உக்காந்தேன். தப்பா நெனச்சுக்காதீங்க. ஒரு சின்ன ஒத்தாசை. ரெண்டு வரிசைக்கு முன்னால, அந்தப் பக்கம் ஓரத்துல, அரக்குச் சேலை கட்டீட்டு ஒரு அம்மா உக்காந்திருக்காங்களே, மூக்குல டியூப் போட்டுக்கிட்டு. அவங்க மடியில ஒரு நீலப் பை இருக்குதுங்களா? பைக்கு மேல பச்சையா ஒரு நம்பர் எரியும். அது எத்தனைன்னு பாத்துச் சொல்லுங்க. எந்திரிச்செல்லாம் நிக்க வேண்டாம், கழுத்தை நீட்டுனாப் போதும்.

எம்பத்தி நாலுங்களா? நல்லாப் பாத்தீங்களா? எம்பத்தி நாலா, அறுவத்தி நாலா? செரி. எம்பத்தி நாலு.

என்ற சம்சாரமுங்க அது. துளசிமணின்னு பேரு. நானே பாத்துக்கலாம், எடது கண்ணுல பொரை எடுத்ததுல இருந்து தூரத்து எழுத்து கலங்குது. அதுவுமில்லாம நான் எந்திரிச்சா அவளுக்குத் தெரிஞ்சு போகுது. பஸ் ஏறறப்பவே சொல்லீட்டா. "ஏனுங்க, நீங்க பின்னால போயி உக்காருங்க. பக்கத்துல உக்காந்துக்கிட்டு நிமிசத்துக்கு ஒருக்கா அந்த நம்பரைப் பாத்தீங்கன்னா, நான் பாட்டுக்கு எறங்கிப் போயிருவேன்"னு. சூலூர் ஸ்டாண்டுல நாலு பேரு முன்னால. சீக்குக்காரி, என்ன சொன்னாலும் பொறுத்துக்கறதுதானுங்க.

நீங்க எது வரைக்கும்? ஒட்டன்சத்திரமா. நல்லதாப் போச்சு. நாங்க தாராபுரம். நாங்க எறங்கற வரைக்கும் நீங்க இருப்பீங்க.

அது ஆக்சிஜன் மிஷினுங்க. காத்துல இருந்து ஆக்சிஜனைப் பிரிச்சுக் குடுக்குது. ஊட்டுல பெருசு ஒண்ணு இருக்குது, பிளக்குல மாட்டி ஓட்டறது. இது கையில தூக்கற சின்னது, பேட்டரியில ஓடறது. அவளுக்கு நுரையீரல் சுருங்கிப் போச்சுன்னு டாக்டர் சொல்லி மூணு வருசம் ஆச்சு. இருவது வருசம் தறி ஷெட்டுல நூலைக் கோன்ல சுத்துனவ. பஞ்சுத்தூசிதான் காரணமுன்னாங்க. நானும் அதே ஷெட்டுலதான் தறி ஓட்டினேன், எனக்கு ஒண்ணும் ஆகலை. ஏன் ஆகலைன்னு ஆரும் சொல்லலீங்க. சும்மா உக்காந்திருந்தா அவ மிஷின் இல்லாமச் சித்த நேரம் சமாளிப்பா. நடந்தா, படி ஏறினா, பதறினா உதடு கறுத்துரும்.

அந்தக் கறுப்பை நான் ஒருக்காப் பாத்துட்டேன். அதை மறக்க முடியலீங்க.

போன வருசம் கார்த்திகை மாசம், ரேசன் கடைக்கு. கைரேகை வெக்க ஆளு நேர்ல வரோணும்னாங்க, கூட்டீட்டுப் போயிருந்தேன். அப்ப இதுல பழைய பேட்டரி. வரிசையில நிக்கறோம். நம்பர் முப்பத்தஞ்சு காட்டுது. என்ற கண்ணால பாத்தேன், முப்பத்தஞ்சு. அப்பறம் கீ கீ கீன்னு மூணு தடவை கத்துச்சு. நின்னு போச்சு. முப்பத்தஞ்சுல எப்படீங்க நிக்கும்? பூச்சியத்துலதானே நிக்கோணும்? நான் மிஷினைத் தட்டறேன், ஆட்டறேன், கத்தறேன். அவ அரிசி மூட்டை மேல உக்காந்துக்கிட்டு, "ஏனுங்க, கத்தாதீங்க, ஒரு ஆட்டோவக் கூப்புடுங்க"ங்கறா. எனக்கு எங்க காதுல விழுகுது. வேற ஆரோதான் ஆட்டோ கூப்புட்டாங்க. ஊடு அஞ்சு நிமிசம். பெரிய மிஷினை மாட்டினதும் அவ செரியாயிட்டா. எனக்குத்தான் அன்னைக்கு இருந்து செரியாகலை.

அதுக்கப்பறம் நான் அவளை வெளிய விடவே இல்லீங்க. பெரிய மிஷினோட டியூப்பு ஏழு அடி. அந்த ஏழு அடிக்குள்ள கட்டில், டிவி, தண்ணிச் சொம்பு, பூஜைப் படம் எல்லாத்தையும் கொண்டாந்து வெச்சுட்டேன். வாசலுக்கு மட்டும் டியூப் எட்டாது. நீள டியூப் இருக்குதுன்னாங்க, நாந்தான் வேண்டாம்னுட்டேன். நீளமானா கால்ல தட்டும். பக்கத்து ஊட்டம்மா வந்து பேசினாக்கூடப் பத்து நிமிசம்தான், "போதுமுங்க, மூச்சு வாங்கும்"னு சொல்லி அனுப்பீருவேன். ஊர்ல எல்லாருஞ் சொல்றாங்க, நாச்சிமுத்து பொண்டாட்டியத் தங்கத்தாட்டப் பாத்துக்கறான்னு. அவதான் இப்பல்லாம் பேச்சைக் கொறைச்சுட்டா. சீக்கு வந்தா அப்படித்தானுங்களே.

சித்த எட்டிப் பாருங்க. எழுவத்தாறா. பல்லடம் வர்றதுக்குள்ள எழுவதுக்கு வந்துருமாட்ட இருக்குது.

புதுப் பேட்டரி போன மாசந்தான் வந்துச்சு. கோயமுத்தூர்ல இருந்து ஜெயசீலன்னு ஒருத்தர், இந்த மிஷினெல்லாம் பாக்கறவரு, கொண்டாந்து மாட்டினாரு. நல்ல மனுசன். மாட்டீட்டு உக்கார வெச்சுச் சொன்னாரு. "ஐயா, புதுப் பேட்டரிக்குத் தன்ற அளவு தெரியாது. மேல எது, அடி எதுன்னு நாமதான் காட்டிக் குடுக்கோணும். மொதல்ல நூறு வரைக்கும் சார்ஜ் ஏத்துங்க. அப்பறம் ஒயரைக் கழட்டீட்டு ஓட விடுங்க. ஓடி ஓடி, கத்தி, தானா நிக்கோணும். நீங்க கையே வெக்கக் கூடாது. நின்னதுக்கப்பறம் மறுபடி நூறு. அவ்வளவுதான். அடியைத் தொடாத பேட்டரி பொய் சொல்லும்யா, நாப்பதும்பான், நின்னுக்குவான்"னாரு.

அதையே ரெண்டு தடவை கேட்டேன். நிக்கற வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்கோணுமாமா.

அவரு சிரிச்சாரு. "அம்மா பெரிய மிஷின்லதான இருப்பாங்க, இது சும்மா மூலையில ஓடும். இதுல என்ன பயம்"னு கேட்டாரு. ஒரு அட்டையக் குடுத்து, ஓட ஆரம்பிச்ச நேரம், நின்ன நேரம் ரெண்டையும் எழுதி ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கன்னுட்டுப் போயிட்டாரு. அவரு கேட்டது ஞாயந்தான்.

நான் முப்பத்தி ரெண்டு வருசம் தறி ஓட்டுனவனுங்க. எட்டுத் தறியை ஒத்தை ஆளாப் பாப்பேன். தறி ஷெட்டுக்குள்ள போயிருக்கறீங்களா? பேசினாக் கேக்காது. அந்தச் சத்தம் இருக்கற வரைக்கும் எங்களுக்கு நிம்மதி. ஒரு தறி நின்னா நூலு அறுந்திருக்குதுன்னு அர்த்தம். எட்டுல ஒண்ணு நின்னாலும் தெரியும், முதுகுப் பக்கம் நின்னாலும் தெரியும். என்னன்னு நெனைக்கறதுக்குள்ள கால் ஓடீரும், கை நூலை முடிஞ்சு தறியத் தட்டி விட்டுரும். அப்படிப்பட்டவனைப் பாத்து, நிக்கட்டும், நீ கையைக் கட்டீட்டு உக்காருன்னா எப்படீங்க?

மொதல் தடவை ஒரு திங்கக்கிழமை காலையில ஆரம்பிச்சேன். அவ பெருசுல இருக்கறா, டிவி பாக்கறா. சின்னது மூலையில ஸ்டூல் மேல ஓடுது. நான் எதுத்தாப்புல உக்காந்திருக்கறேன். எம்பது, அறுவது, நாப்பது. இருவத்தி ரெண்டு வந்தப்போ ஒரு ரோசனை. இப்பக் கரண்டு போச்சுன்னா பெருசு நின்னுரும், சின்னதுல சார்ஜ் இருக்காது, அப்ப என்ன பண்றது? ஞாயமான பயந்தானுங்களே. ஒயரைச் சொருகீட்டேன்.

அவ கேட்டா, "நின்னுச்சுங்களா?" கரண்டைப் பத்திச் சொன்னேன். செரின்னுட்டா.

ரெண்டாவது தடவைக்கு ஒரு ஆக்சிஜன் சிலிண்டரே வாடகைக்கு எடுத்தாந்து கட்டிலுக்குப் பக்கத்துல நிறுத்தீட்டேன். இனிக் கரண்டு போனாலும் கவலையில்லைன்னு ஆரம்பிச்சேன். பதினாலு வந்துச்சு. சிலிண்டர்ல காத்து நெசமாவே இருக்குதான்னு தோணுச்சு. முள்ளு நெறைய இருக்குதுன்னு காட்டுது, ஆனா காட்டறதை எப்படி நம்பறது? முப்பத்தஞ்சைக் காட்டீட்டு நின்னதைப் பாத்தவனுங்க நான். சொருகீட்டேன்.

மூணாவது தடவை எந்தச் சாக்கும் இல்லை. கரண்டு ஆபீசுல தெரிஞ்ச லைன்மேனைக் கேட்டாச்சு, அன்னைக்குக் கட் இல்லை. சிலிண்டரைத் தெறந்து பாத்தாச்சு, காத்து வருது. அவ மத்தியானச் சோறு உண்டுட்டுத் தூங்கறா, பெரிய மிஷின் நல்லா ஓடுது. சின்னது ஆறுக்கு வந்துச்சு. ஆறுல அதோட சத்தம் மாறுச்சுங்க. இழுத்து இழுத்து, ஒரு மாதிரி. அது அவ நெஞ்சு இல்லை, வெறும் மிஷின், அவளுக்கும் இதுக்கும் இப்ப ஒரு சம்பந்தமும் இல்லைன்னு எனக்கே சொல்லிக்கறேன். அஞ்சு. கீன்னு மொதச் சத்தம் வந்துச்சு. அடுத்த நொடி பாத்தா என்ற கை ஒயரைச் சொருகி முடிச்சிருக்குது. நான் எந்திரிச்சது எனக்கு நெனப்பில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயிம்பாங்க. எனக்குப் பட்டப்பகல்லயே பேயிங்க.

அவ முழிச்சுக்கிட்டுக் கேட்டா, "நின்னுச்சுங்களா?"

நின்னுச்சுன்னுட்டேன்.

வேற என்னத்தைச் சொல்றது? மூணாவது தடவையுங்க. "எத்தனை மணி நேரம் ஓடுச்சு?"ன்னா. வாயில வந்ததைச் சொன்னேன், நாலு மணி நாப்பது நிமிசம். அட்டையிலயும் அதையே எழுதினேன், ஃபோட்டோ எடுத்து ஜெயசீலனுக்கும் அனுப்பீட்டேன். கொறைச்சு எழுதினா அவ வெசனப்படுவாளேன்னு கொஞ்சம் தாராளமாவே எழுதினேன். அவளுக்காகத்தானுங்க. எல்லாமே அவளுக்காகத்தான்.

பல்லடம் வந்துருச்சு. பாருங்க, எப்படி நிக்குது வண்டியெல்லாம். இந்த ஊர்ல எப்பவும் இதே ரோதனை. டிரைவர் எறங்கி டீ குடிக்கப் போறாரு, அவரைக் கூப்புடுங்க ஆராச்சும். எத்தனை இப்ப? எழுவது. ஏனுங்க தம்பி, நான் எழுதுன நாலே முக்கால் மணிக் கணக்குக்கு இது இவ்வளவு வேகமா எறங்கக் கூடாது. எறங்குதே.

உங்களுக்கு ஒரு டீ சொல்லட்டுங்களா? வேண்டாமா. எனக்கும் எறங்காது.

கேளுங்க, இந்த பஸ்ஸுக்கு எப்படி வந்தோம்னு. அவளுக்கு ஒரே தம்பி, கந்தவேலு. நாப்பது வயசாச்சு. பொண்ணு பாத்துப் பாத்து, சாதகம் ஒத்தா பொண்ணு ஒத்துக்கறதில்லை, பொண்ணு ஒத்துக்கிட்டா தோட்டங்காடுக்கு வரமாட்டேங்குது. எங்க பக்கம் பசங்களுக்கு இப்ப இதே கதைதானுங்க. ஒரு வழியா நாளைக்குக் காலையில முகூர்த்தம். இன்னைக்குப் பொழுதோட இணைச்சீர். எங்க வழக்கத்துல மாப்ளைக்குக் கூடப்பொறந்தவ இணைச்சீருக்கு நிக்கோணும். கூறைச்சேலையக் கையில வாங்கிக்கிட்டு, பொறந்தவனுக்குப் பக்கத்துல. அக்கா தங்கச்சி இல்லாதவனுக்குப் பங்காளி ஊட்டுப் பொண்ணு ஒண்ணு நிக்கும். ஆனா இவ இருக்கறப்ப வேற ஒருத்தி நின்னா, இவ செத்தாப்பலன்னு இவளுக்கு நெனப்பு. "நாப்பது வருசமா அவனுக்கு இதுக்காவத்தான் காத்திருக்கறேன், நான் போவேன்"னுட்டா.

கந்தவேலு காரு அனுப்பறேன்னான். காருல சார்ஜ் போட்டுக்கலாம், ஒரு பயமும் இல்லை. நான் செரின்னேன். அவ வேண்டாம்னுட்டா. "நாலே முக்கால் மணி நேரம் ஓடுதுன்னு நீங்கதான எழுதியிருக்கறீங்க. பஸ்ஸு ரெண்டு மணி நேரம். மூணு வருசமாச்சு நான் பஸ்ல சன்னலோரம் உக்காந்து, பஸ்லயே போலாம்"ங்கறா. என்னைய நேராப் பாத்துக்கிட்டுச் சொல்றா. நான் என்னங்க சொல்லட்டும்? பொய்யின்னு சொல்லோணும், இல்லைன்னா பஸ் ஏறோணும். மடியில கனமிருந்தா வழியில பயம். ஏறீட்டேன்.

கெளம்பீருச்சு, நல்லவேளை. அம்பத்தெட்டா. பன்னண்டு போயிருச்சு இந்த ஊர்லயே.

தூங்கறீங்களா? தூங்குங்க, தூங்குங்க. நான் எழுப்பறேன்.

தம்பி. தம்பி, எந்திரிங்க. மன்னிச்சுக்கோங்க. எத்தனைன்னு பாருங்க. கண்ணைத் தொடைச்சுட்டுப் பாருங்க.

முப்பத்தேழு.

முப்பத்தஞ்சுலதான் அன்னைக்கு நின்னுச்சு. வெளிய பாருங்க, காத்தாடிக் கம்பமும் கருவேல மரமுந்தான். ஒரு ஊரு இல்லை, ஒரு பிளக்கு இல்லை. இப்ப நின்னா என்ன பண்றது? சிலிண்டரை ஊட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன். அதை பஸ்ல ஏத்தினா அவளுக்குச் சந்தேகம் வந்துரும்னு விட்டுட்டேன். ஐயோ, எப்படிப்பட்ட முட்டாளுங்க நான். என்ற பொய் தெரிஞ்சுரக் கூடாதுன்னு அவ உசுரை விட்டுட்டு வந்திருக்கறேன்.

நீங்க ஒண்ணு பண்ணுங்க. நீங்க போயி அவகிட்டச் சொல்லுங்க. நான் போயிருப்பேன், கால் எந்திரிக்க மாட்டேங்குது. அவ மூஞ்சியைப் பாத்து என்னால சொல்ல முடியாது. போயி இப்படிச் சொல்லுங்க. அம்மா, இந்தப் பேட்டரி அடியைத் தொடவே இல்லை. உங்க ஊட்டுக்காரரு மூணு தடவையும் பயந்து ஒயரைச் சொருகீட்டாரு, அட்டையில பொய்யி எழுதீட்டாரு. நம்பரை நம்பாதீங்க. குண்டடத்துல எறங்கீரலாம், அங்க எதாச்சும் கடையில பிளக்கு இருக்கும். இதை அப்படியே சொல்லுங்க. பதறாமச் சொல்லுங்க, பதறினா அவளுக்கு ஆகாது. போங்க சாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

போறாரு. குனிஞ்சு பேசறாரு. மாரியாத்தா. அவ திரும்பிப் பாக்கலை. என்னமோ சொல்றா. நெம்ப நேரம் சொல்றா. என்னத்தை இத்தனை நேரம். மூச்சு வாங்குமே.

வாங்க, வாங்க, உக்காருங்க. மொதல்ல நம்பரைச் சொல்லுங்க. முப்பத்தி நாலா? ஓடீட்டிருக்குதுங்களா? முப்பத்தஞ்சைத் தாண்டியும் ஓடுதா?

என்னது? தெரியும்னாளா? எது தெரியும்?

இருங்க, மெதுவாச் சொல்லுங்க, எனக்குக் காதெல்லாம் அடைக்குது. ஜெயசீலன் ஃபோன் பண்ணினாராமா. நான் குளிக்கப் போயிருந்தப்ப. இந்தப் பேட்டரி புதுசுலயே மூணரை மணி நேரத்துக்கு மேல ஓடாதாமா. அட்டையில நாலு மணி நாப்பதுன்னு இருக்குது, ஐயா பயந்துக்கிட்டு எழுதியிருப்பாரு, நீங்களே ஒருக்கா ஓட விட்டுப் பாருங்கம்மான்னு சொன்னாராமா. அப்பவே. அப்ப அந்த மனுசனுக்குந் தெரியும். இவளுக்குந் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் நாலே முக்கால் மணி நேரம்னு என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருக்கறா.

செரி. அப்பறம்?

வியாழக்கிழமை. ஆமா, வியாழக்கிழமை நான் இல்லை. அவினாசியில பெரியப்பா பையன் கருமாதி, காலையில போயிப் பொழுதோடதான் வந்தேன். அங்கிருந்து ஏழு தடவை ஃபோன் பண்ணினேன். ஏழு தடவையும் எடுத்தா, நல்லா இருக்கறேன்னா. அன்னைக்கா ஓட விட்டுப் பாத்தா? தனியாவா? பக்கத்து ஊட்டம்மாவைக் கூடக் கூப்புடலையா?

மூணு மணி பத்து நிமிசம். அதுதான் நெச அளவு. அதை வெச்சுத்தான் பஸ்ஸுக்குக் கணக்குப் போட்டாளா. தாராபுரம் போறப்ப இருவது இருக்கும்னு சொன்னாளா. செரி. அப்ப நிக்காது. நின்னாலும் சொல்லீட்டு நிக்கும். செரிங்க. கடவுளே. நிக்காது.

தண்ணி இருக்குதுங்களா உங்ககிட்ட? குடுங்க.

எனக்கு ஒண்ணு புரியலை. அவ பெருசுல இருந்துக்கிட்டுத்தானே சின்னதை ஓட விட்டா? இல்லையா? சின்னதையே மூக்குல மாட்டிக்கிட்டாளா? பெருசை அணைச்சுட்டா? எதுக்குங்க? ஆரு சொன்னாங்க அப்படிப் பண்ணச் சொல்லி? ஊட்டுக்குள்ள ஏழு அடி தாண்டி நடக்கோணும்னா அதுதான் வழின்னாளா. வாசல்ல சேர் போட்டு உக்காந்தாளா. ரோட்டைப் பாத்துக்கிட்டு. மூணு மணி நேரம் வாசல்லயே. அப்பறம் அது கத்துச்சு. கத்தி நின்னுச்சு.

நின்னதும் ஓடிப் போயிப் பெருசை மாட்டியிருப்பா.

மாட்டலையா?

அப்படியே உக்காந்திருந்தாளா. எத்தனை நேரம்? கால்மணி நேரமா? மூச்சு வாங்கியிருக்குமே. வாங்குச்சுன்னாளா. கொஞ்சந்தான் வாங்குச்சு, ஆனா பயமா இல்லைன்னாளா. எதுக்காவ அப்படி உக்காந்திருந்தாளாம்? கேட்டீங்களா நீங்க? என்ன சொன்னா? சொல்லுங்க தம்பி, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

நின்னா என்ன ஆகும்னு ஆராச்சும் ஒருத்தரு பாத்துத்தான ஆகோணும்னாளா.

ம்.

இன்னும் இருக்குதா? சொல்லுங்க. நான் ஆளு அனுப்பிச் சொன்னதுனால அவளும் ஆளு மூலமாவே சொல்லியனுப்பறாளாக்கும். அவ அப்படித்தான், ஒண்ணுக்கு ஒண்ணு. சொல்லுங்க.

அவ தம்பி ஊட்டுலயே இருக்கப் போறாளா? எத்தனை நாளைக்கு? தை பொறக்கற வரைக்குமா? அங்க பெரிய மிஷின் இல்லையேங்க. ஜெயசீலன் நேத்தே வேற ஒண்ணு கொண்டு போயி மாட்டீட்டாரா. இருவத்தஞ்சு அடி டியூப் போட்டு. வாசல் வரைக்கும், மாட்டுச்சாளை வரைக்கும் எட்டுமாமா. அவ தம்பிகிட்ட முன்னாலயே பேசீட்டாளா. எல்லாருக்குந் தெரியும். புதுப்பொண்ணுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கும்.

என்னையும் இருக்கச் சொன்னாளா?

நீங்க கேட்டீங்களா, உங்க ஊட்டுக்காரரும் இருப்பாரான்னு? கேட்டீங்க. என்ன சொன்னா? சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாளா. சிரிச்சாளா. சிரிக்கவும் இல்லை.

கண்ணாலம் முடிஞ்சு நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு இதே ரூட்டுல ஒரு பஸ்ஸு இருக்குதுங்க. நான் அதுல வருவேன். ஊட்டைத் தெறப்பேன். அங்க அந்தப் பெரிய மிஷின் இருக்கும், அதை மாட்டிக்கறதுக்கு ஆளு இருக்காது. எனக்கு அதுலதான் பயமா இருக்குது தம்பி. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. ரேசன் கடையில நின்னப்போ இருந்த பயங்கூட இந்த அளவுக்கு இல்லை. அவளை நான் பாத்துக்கறேன், பாத்துக்கறேன்னு ஊருக்கெல்லாம் சொல்லீட்டு இருந்தேன். எனக்குச் சோத்துக்கு அடுத்தாப்பல அதுதான் வேலையா இருந்துச்சு. இனி விடிஞ்சு எந்திரிச்சு எதைப் பாக்கறதுன்னு தெரியலீங்க.

தாராபுரம் வந்துருச்சு. எத்தனை? வேண்டாம், விடுங்க, பாக்க வேண்டாம். அவளே சொன்னா இருவது இருக்கும்னு. இருக்கும்.

அங்க பாருங்க, எந்திரிச்சுட்டா. பையைத் தோள்ல மாட்டீட்டா. கம்பியக்கூடப் பிடிக்காம நடக்கறா. கண்டக்டரு கை குடுக்க வர்றாரு, வேண்டாங்கறா. படியில எறங்கறா. ஒண்ணு. ரெண்டு. எறங்கீட்டா. கந்தவேலு வந்து நிக்கறான். சிரிக்கறாங்க ரெண்டு பேரும். அவ சிரிக்கறாளுங்க.

பஸ்ஸு எடுத்துருவாங்க. நான் எறங்கோணும். எனக்குத்தான் எந்திரிக்க வரலை. கொஞ்சம் கை குடுங்க தம்பி.